ஆடிப் பட்டம் இங்கே செல்லுமா? சிறகவரை, மொச்சை, கருணை எப்போது நடுவது

பிப்ரவரி 9 (கேள்வி)

மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் பின்னால் முப்பதடிக்கு நாற்பதடி கொல்லை. பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பார்த்துத் திட்டமிடும் வேளாண்மை) முறையில் செய்யலாம் என்று தொடங்கியிருக்கிறேன். சந்தையில் எளிதில் கிடைக்காததை நடத்தான் ஆசை: சிறகவரை, மொச்சை, கோவைக்காய், கருணைக்கிழங்கு, வெந்தயக்கீரை. மாமியார் தஞ்சாவூர்ப் பக்கம். "ஆடிப் பட்டம் தேடி விதை, அதுவரை பொறு" என்கிறார். வெளிநாட்டு அட்டவணைகளிலோ வசந்தம், இலையுதிர் காலம் என்று இருக்கிறது. இங்கே எதை எப்போது நடுவது?

பிப்ரவரி 9, இரவு (பதில்)

ஆடியை மறந்துவிடுங்கள் தங்கச்சி. நான் பிறந்தது இங்கேதான், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அம்மா நாட்காட்டி பார்த்து விதைத்ததே இல்லை, மரத்தைப் பார்த்துத்தான் விதைப்பார். தையிலும் மாசியிலும் ரப்பர் இலை பழுத்து உதிரும். வேலைக்குப் போனால் காலடியில் சரசரவென்று சத்தம் கேட்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். துளிர் விட்டு இலை செம்பு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும்போது அம்மா கொல்லையைக் கொத்தத் தொடங்குவார். அடுத்து வருவது மழை.

தஞ்சாவூரில் ஆடியில் காவிரியில் தண்ணீர் வரும், பின்னாலேயே ஐப்பசி, கார்த்திகை மழை வரும். அதற்காக எழுந்த சொல் அது. இங்கே ஆடி மாதம் மழை குறைந்த நேரம். விதைத்தால் குடம் தூக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 10

நேற்று அவசரத்தில் எழுதினேன், விவரம் போதாது.

பேராவின் உட்பகுதியில் மழை இரண்டு முறை உச்சத்துக்கு வரும். ஏப்ரல், மே ஒன்று. அக்டோபர், நவம்பர் இன்னொன்று, அதுதான் பெரியது. நடுவில் ஜூன், ஜூலை கொஞ்சம் வறட்சி. பிப்ரவரியை ஒட்டி இன்னொரு வறட்சி. வறட்சி என்றால் தமிழ்நாட்டு வறட்சி இல்லை. ஈப்போ பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, தஞ்சாவூரில் ஏறக்குறைய அதில் பாதிதான். நம் ஊரில் செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீரில் அழுகிச் சாவதுதான் அதிகம்.

அதனால் எனக்கு இரண்டு விதைப்பு. பங்குனிக் கடைசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் ஒன்று. ஆவணிக் கடைசி, புரட்டாசி முதலில் இன்னொன்று. ஐப்பசி அடைமழைக்குள் செடி முழங்கால் உயரம் வந்துவிட வேண்டும்.

கெடா வடக்கிலும் பெர்லிஸிலும் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல வறட்சி. 2016 மார்ச்சில் வெயில் தாங்காமல் அங்கே சில இடங்களில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள்.

பிப்ரவரி 12

வெந்தயக்கீரை இப்போதே போடுங்கள். மழை பிடித்தால் தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்துவிடும். மணல் கலந்த மண், மேட்டுப்பாத்தி, காலை வெயில், மதியம் நிழல். மூன்று வாரத்தில் கிள்ளலாம். ஏப்ரலில் போட்டு இரண்டு வருடம் இழந்திருக்கிறேன். மற்றவை மழை வந்ததும், கருணைக்கு மட்டும் மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 21

"கருணைக்கு மட்டும் ஏன் மழைக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கருணைக்கிழங்கு தூங்குகிற கிழங்கு. தண்டு காய்ந்து விழுந்த பிறகு சில மாதம் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றினாலும் எழாது, நாம் நினைத்த நேரத்துக்கு எழாது. முளை மேலே ரோஜா நிறத்தில் தடித்துவந்தால் எழுந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது நட வேண்டும். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் மாசி, பங்குனியில் நடக்கிறது. நட்டு எட்டு, ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகும். அப்படியென்றால் பங்குனியில் நட்டது பொங்கலுக்கு. அம்மா ஒரு பொங்கலைக்கூடக் கருணைக்கிழங்குப் புளிக்குழம்பு இல்லாமல் விட்டதில்லை.

வெட்டி நடும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்குக் குறையாமல் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் காய வைத்து நடுங்கள். கையில் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், அரிக்கும். ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் அரிப்புக்குக் காரணம். புளி சேர்த்து நன்றாக வேக வைப்பது அதனால்தான்.

மார்ச் 5

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அக்கா, இலை உதிர்வதைப் பார்த்து விதைக்கச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் இரண்டு தடவை உதிர்ந்ததே, எதை எடுத்துக்கொள்வது?"

நல்ல கேள்வி. நான் சொல்லாமல் விட்டது. புதுத் துளிர் வரும் நேரத்தில் மழையும் காலைப் பனிமூட்டமும் சேர்ந்தால் சாம்பல் பூசியது மாதிரி ஒரு பூஞ்சை இளம் இலையில் பிடிக்கும். அந்த இளம் இலை சுருங்கிக் கொட்டிவிடும். அது பருவம் இல்லை, நோய். பழுத்து மஞ்சளாகவும் சிவப்பாகவும் விழுவதுதான் பருவத்து உதிர்வு. தளிராக, சுருண்டு விழுவது நோய் உதிர்வு. ஒரு வருடம் நான் இதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டாவது உதிர்வை எண்ணி மூன்று வாரம் தாமதித்தேன். அதற்குள் மழை தொடங்கி, ஈர மண்ணைக் கொத்தி, அது காய்ந்து செங்கல்லாகிவிட்டது.

இன்னொரு கவலையும் உண்டு. நான் பார்க்கிற ரப்பர் இப்போது இரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுதோட்டத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை). செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது, வருடம் முழுக்க ஒரே முகம். என் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டி மாசி வந்துவிட்டது என்று சொல்வேன்? டுரியானைத்தான் இப்போது பழக்குகிறேன். கொஞ்ச நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் அடுத்து அது பூக்கும், இரவில் வாசம் வரும். அந்த வாசம் வந்தால் பாத்தி தயாராக இருக்க வேண்டும்.

மார்ச் 29

நேற்றும் முந்தாநாளும் நான்கு மணிக்கு இடி, மழை. இன்று விதைத்தேன்.

சிறகவரை: கடைகளில் காச்சாங் பொதோல் என்று கேளுங்கள், கெலிசா என்றும் சொல்வார்கள். விதையின் தோல் கெட்டி. நகம் வெட்டியால் கண் இல்லாத பக்கம் சின்னதாகக் கீறி, ஓர் இரவு ஊறப் போட்டேன். ஊறி உப்பாதவற்றை மறுபடியும் கீற வேண்டும். கீறாமல் போட்டால் ஒன்று ஒரு வாரத்தில் வரும், இன்னொன்று ஒரு மாதத்தில் வரும், பந்தல் ஒழுங்காக நிரம்பாது. இலை, பூ, பிஞ்சு, அடியில் கிழங்கு எல்லாமே உணவு. 1975-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது, வெப்பநாடுகளுக்கு ஏற்ற புரதப் பயிர் என்று. மலாய்க்காரர்கள் அதற்கு முன்பே சம்பல் பெலாச்சானோடு பச்சையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தேங்காய் போட்டுப் பொரியல் செய்வோம்.

மொச்சை: பத்துக் குழி, கொடி மொச்சை. பின்வேலி முழுக்க.

விதை மேல் காய்ந்த லாலாங் புல்லை மெல்லிசாகப் பரப்புங்கள். மாலை இடிமழை விதையைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஏப்ரல் 19

பாத்தியைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு. சமமட்டத்தில் நீளப் பள்ளம் வெட்டி மழைநீரைத் தேக்குங்கள் என்று பெர்மாகல்ச்சர் வகுப்பில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முறையை 1970களில் வகுத்த பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவில் இருந்தவர்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்த நாட்டுக்குப் பெரிய விஷயம். நான் அதை அப்படியே வெட்டினேன். முதல் அக்டோபரிலேயே பள்ளத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கரையில் வைத்திருந்த முருங்கைப் போத்து நான்கும் அடி அழுகிப் போனது.

இப்போது பள்ளத்தின் ஒரு முனையைத் திறந்து சாக்கடைக்கு வழி விட்டிருக்கிறேன். வறட்சி வந்தால் அந்த வாயில் ஒரு மண் மூட்டை. அவ்வளவுதான். அந்த முறையைக் குறை சொல்லவில்லை. நிலத்தைக் கவனி, பிறகு செய் என்றுதானே அவர்களே முதலில் சொல்கிறார்கள்? நான் கவனிக்காமல் வெட்டினேன்.

முருங்கைக்கும் இதே பாடம். மழைக்காலத்தில் போத்து ஊன்றாதீர்கள். ஜூன் முதலில், மேட்டில் ஊன்றுங்கள். அடைமழையில் பூ கொட்டும் என்பதால் நம் ஊரில் காயை நம்பி முருங்கை வைக்காதீர்கள். கீரையை நம்பி வையுங்கள், காய் வந்தால் சந்தோஷம்.

மே 3

மாமியார் விதை அனுப்புகிறேன் என்கிறாராம். தயவுசெய்து வேண்டாம். தாவரத் தடைகாப்புச் சட்டம் 1976-இல் இருந்தே இருக்கிறது, விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். சூட்கேஸில் மறைத்துக் கொண்டுவந்தால் நோயும் கூட வரலாம். இங்கேயே பழைய லயத்துக் குடும்பங்களில் மூன்று தலைமுறை காப்பாற்றிய மொச்சை இருக்கிறது. கேட்டால் கை நிறையக் கொடுப்பார்கள்.

ஜூன் 8

கோவைக்காய்க்கு மாதமே தேவையில்லை, ஆனால் ஆள் தேவை. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையில் வந்தால் எது என்று பூக்கும் வரை தெரியாது. காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் தடிமனில் தண்டு வெட்டி வாருங்கள். சாலையோர வேலியில் தானாகப் படர்ந்து கிடக்கும், மலாயில் பெபாசான். அதில் சில கசக்கும். ஒரு பிஞ்சைக் கடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

சௌசௌ பற்றிக் கேட்டவருக்கு: கேமரன் மலையில் செழிக்கிறது, இங்கே கீழே வெறும் இலை. மூன்று முறை முயன்றேன். இப்போது மலையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 2

மொச்சை என்னைத் தூங்க விடவில்லை.

மார்ச் 29 போட்டது. மூன்று மாதம் தாண்டிவிட்டது. வேலியைத் தாண்டி, துணிக்கொடியைப் பிடித்து, கூரைத் தகரத்தில் ஏறிவிட்டது. ஒரு பூ இல்லை. கோழி எரு அதிகம் போட்டுவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். எரு அதிகமானால் இலை கொழிக்கும், பூ வராது, அது உண்மை. ஆனால் வேலியின் கடைசி மூன்று குழியில் எரு போடவே இல்லை. அதுவும் இலைதான்.

அதே தேதியில் போட்ட குத்து அவரை மே மாதமே காய்த்து ஓய்ந்துவிட்டது. அது கடைப் பாக்கெட் விதை. கொடி மொச்சை லயத்து விதை. வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று தோன்றுகிறது.

அம்மா மொச்சையை எப்போது போட்டார்? எவ்வளவு யோசித்தும் ஏப்ரல் மழைக்குப் போட்டதாக நினைவு இல்லை. பொங்கலுக்கு மொச்சை இருக்கும், அது நன்றாக நினைவிருக்கிறது. அக்காவுக்குப் போன் போட்டேன். "ரப்பர் கொட்டை வெடிக்கிறதுக்கு முன்னாடி போடும் அம்மா. அம்மன் கோயில் கூழ் ஊத்துற நேரம்" என்றார்.

கூழ் ஊற்றுகிற நேரம் என்றால் ஆடி.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. பிப்ரவரி 9 எழுதியதை ஒரு பயிரைப் பொறுத்தவரை திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கச்சி, மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், மொச்சைக்கு அவர் சொன்னது சரி.

ஆனால் காரணம் மழை இல்லை, வெளிச்சம். பழைய கொடி மொச்சை, அவரை வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். சிறகவரையும் அந்தக் குணம் உள்ளதுதான். தஞ்சாவூரில் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். ஆடியில் போட்டால் செடி வளர வளரப் பகல் குறுகி, கார்த்திகை, மார்கழியில் பூவும் காயும். அதனால்தான் பொங்கலுக்கு மொச்சை. நம் ஊர் நில நடுக்கோட்டுக்குப் பக்கம், வித்தியாசம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். இந்த அரை மணியை ஒரு கொடி கணக்கில் எடுக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எடுக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் என் கூரையில் கிடப்பதை எப்படி விளக்குவது?

சோதித்துப் பார்க்க இன்று ஐந்து குழி புதிதாகப் போட்டேன், அதே விதை. குடத்தில் தண்ணீர் தூக்குகிறேன்.

ஆகஸ்ட் 30

டப் டப் என்று ரப்பர் கொட்டை வெடிக்கத் தொடங்கிவிட்டது. சின்ன வயதில் அதைத் தரையில் தேய்த்துக் கையில் சூடு வைத்து விளையாடாத பிள்ளை லயத்தில் உண்டா!

பாருங்கள், பிப்ரவரியில் இலை உதிர்ந்து, துளிரோடு பூத்து, ஐந்து மாதம் முற்றி இப்போது வெடிக்கிறது. ஒரே மரம் இரண்டு விதைப்புக்கும் மணியடிக்கிறது. இத்தனைக்கும் இந்த மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு. பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்டவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. அமேசானிலிருந்து வந்த மரம் இந்த மண்ணின் வெயிலையும் மழையையும் பார்த்து இலை உதிர்க்கிறது. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

இந்த வாரம்: இரண்டாவது தடவை சிறகவரை, புடலை, பீர்க்கு. மார்ச்சில் போட்ட சிறகவரை ஜூன் கடைசியில் வெளிர்நீலத்தில் பூத்தது, ஆனால் காய் குறைவு. விரல் நீளம் வந்ததும் பறியுங்கள். இரண்டு நாள் விட்டால் நார்.

அக்டோபர் 25

மழை. எழுத நேரமில்லை. பள்ளத்தின் வாயைத் திறந்துவிட்டேன்.

நவம்பர் 18

பூத்துவிட்டது!

மார்ச் மொச்சையும் ஆடி மொச்சையும் ஒரே வாரத்தில் பூத்தன. ஒன்றுக்கு வயது ஏழரை மாதம், இன்னொன்றுக்கு நான்கு மாதம். கூரை நிறைய ஏறி நிழலடித்து, என் வெண்டையைக் கொன்ற பிறகு மார்ச் கொடி கொடுக்கும் பூ, வேலி உயரத்தில் நிற்கும் ஆடிக் கொடியைவிட ஒன்றும் அதிகமில்லை. நான்கு மாத இடத்தையும் எருவையும் வீணாக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் ஏப்ரலில் பயற்றங்காய் போட்டிருக்கலாம்.

சிறகவரையும் இப்போதுதான் கொத்துக் கொத்தாக. மார்ச் செடியில் ஜூனில் காய் ஏன் குறைவு என்பதற்கும் இதே காரணமாக இருக்கலாம். அது ஒரு வருடத்துக் கணக்கு மட்டும், அடுத்த வருடமும் பார்த்தால்தான் உறுதி.

நடுவில் ஒருவர் சாயூர் மானிஸ் என்ற கீரை பற்றிக் கேட்டார், எப்போது நடுவது என்று. எப்போதும் நடலாம், குச்சி ஊன்றினால் வரும். ஆனால் அதை அரைத்துப் பச்சைச் சாறாகக் குடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். 1990களின் நடுவில் தைவானில் எடை குறைக்க அப்படிக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பழுதானது. முட்டை போட்டு வதக்கி, அளவோடு சாப்பிடுங்கள்.

நவம்பர் 26

ஒரு விசித்திரம். வேலியின் இடதுகோடியில் மட்டும் மொச்சை பூக்கவில்லை. அங்கே எருவும் அதேதான், வெயிலும் அதேதான். இரவு வெளியே வந்து பார்த்தபோதுதான் புரிந்தது, தெருவிளக்கு நேராக அதன்மேல் விழுகிறது. விளக்கு எரிகிற இடத்தில் கொடிக்கு இரவு இருட்டவே இல்லை. பத்தடி தள்ளி மாமரத்து நிழலில் இருக்கும் அதே கொடியின் கிளை பூவாகக் கிடக்கிறது.

ஆடிக்கு முன்பு இரவில் ஒரு முறை கொல்லையைச் சுற்றி வாருங்கள். எங்கே விளக்கு விழுகிறது என்று பார்த்துவிட்டுக் குழி எடுங்கள். லயத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், அதனால் அம்மாவுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

ஜனவரி 17

பொங்கலுக்குக் கருணையைத் தோண்டினேன். மூன்றாம் வாரம் டிசம்பரில் இலை மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் தண்டு சாய்ந்தது. ஆறு குழியில் ஐந்து நன்றாக இருந்தது. ஒன்று பள்ளத்துக் கரையில், அதே பழைய இடத்தில், அடி அழுகிவிட்டது. பெரியது நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புளிக்குழம்பில் மொச்சையையும் கருணையையும் சேர்த்தேன். அக்கா ஈப்போவிலிருந்து வந்திருந்தார், இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

கேள்வி கேட்ட தங்கச்சியின் கருணை இன்னும் பச்சையாகவே நிற்கிறதாம், அவர் ஏப்ரல் கடைசியில் நட்டார். அவசரப்பட வேண்டாம், இலை விழட்டும். பிப்ரவரியில் எடுக்கலாம். மொச்சைக்கு இந்த வருடம் ஆடி முதல் வாரம், மாமரத்துப் பக்கமாக.

விதை மொச்சை ஒரு டின் நிறைய இருக்கிறது, சாம்பல் கலந்து வைத்திருக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். இடதுகோடிக் கொடி இன்னும் இலைதான். நாளை அதை அறுத்துக் கோவைக்காய்க்கு இடம் விடப்போகிறேன், அதற்கு விளக்கு ஒன்றும் செய்யாது.